கேளாமல் வந்த உறக்கம்

அமெரிக்க நாட்டு வரலாறு படிக்கும் நம் மாணவ நண்பர்கள் ஹாரியட் டப்மன் அம்மையாரின் பெயரைக் கேள்விப்பட்டிருப்பர். அடிமையாகப் பிறந்து, தப்பியோடி விடுதலை பெற்று, தம்மைப் போன்ற பிறரை மீட்பதற்காகத் தாம் தப்பி வந்த அதே மண்ணுக்கு மீண்டும் மீண்டும் திரும்பிச் சென்றவர் அவர். கறுப்பின மக்கள் அவரை ‘மோசே’ என்றே அழைத்தனர். பாடநூல்கள் இவ்வளவையும் சொல்கின்றன. ஆனால் சிறுவயதிலேயே அவருடைய மண்டை உடைந்ததையும், அதற்குப்பின் எழுபது ஆண்டுகளுக்கு மேல், பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்து உறங்கிவிடும் நோயோடும் உயிரை வாங்கும் தலைவலியோடும் அவர் வாழ்ந்ததையும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. சில நூல்கள் அந்த ஒரு வரியைக்கூட எழுதுவதில்லை. வீரரின் வரலாற்றில் நோய்க்கு என்ன வேலை என்று எண்ணிவிட்டார்கள் போலும்! அந்த நோயை விட்டுவிட்டு அம்மையாரின் வீரத்தை அளக்க முடியாது என்பது என் எண்ணம். ஆகவே அந்த ஒரு வரியையே இங்கு விரித்து எழுதத் துணிகிறேன்.

மேரிலாந்து மாநிலத்தில், செசபீக் விரிகுடாவின் கிழக்குக் கரையில், டார்செஸ்டர் என்றொரு மாவட்டம் உண்டு. சதுப்பும் காடும் உப்பங்கழியும் கலந்து கிடக்கும் பூமி. அங்கே 1822-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தை ஒட்டி அவர் பிறந்தார் என்று ஆராய்ச்சியாளர் கணிக்கின்றனர். அடிமைக் குழந்தைக்குப் பிறந்தநாள் குறித்து வைப்பார் யார்? பேறு பார்த்த மருத்துவச்சிக்குக் கூலி கொடுத்த பழங்கணக்கு ஒன்றைக் கொண்டுதான் இந்த ஆண்டையும் கண்டறிந்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் அராமிண்டா ராஸ். வீட்டில் மிண்டி என்று கூப்பிடுவர். தந்தை பென் ராஸ் மரம் வெட்டும் தொழிலில் கைதேர்ந்தவர். தாய் ரிட். பிள்ளைகள் ஒன்பது பேர். தாய் யாருக்கு உடைமையோ பிள்ளைகளும் அவருக்கே உடைமை என்பது அந்நாளைய சட்டம். அவர்களுக்கு உடையவரான எட்வர்டு பிரோடெஸ், மிண்டியின் தமக்கையர் மூவரைத் தென்மாநிலங்களுக்கு விற்றுவிட்டார். கடைக்குட்டி மோசஸையும் விற்க முனைந்தபோது ரிட் அவனை ஏறத்தாழ ஒரு மாத காலம் ஒளித்து வைத்தாள். கடைசியில், தன் குடிசைக்குள் முதலில் காலெடுத்து வைப்பவனின் மண்டையைப் பிளந்துவிடுவதாகச் சொல்லி நின்றாள். விற்பனை நின்றுபோயிற்று. மிண்டி இந்தத் தாய்க்குப் பிறந்தவள்.

ஆறு வயதிலேயே அவளைப் பிறர் வீடுகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். நாம் மாட்டை உழவுக்கு வாடகைக்கு விடுவதில்லையா, அதுபோல. ஒரு வீட்டில், சதுப்புநீரில் இறங்கித் தோலுக்காகப் பிடிக்கப்படும் நீரெலிகளின் பொறிகளைப் பார்த்து வரவேண்டும். தட்டம்மை கண்டிருந்த நிலையிலும் இடுப்பளவு நீரில் இறக்கினார்கள். இன்னொரு வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மிண்டியே அப்போது சின்னஞ்சிறு பிள்ளை. தரையில் உட்கார்ந்தால்தான் அந்தக் குழந்தையை மடியில் தாங்க முடியும். பகலெல்லாம் வீட்டு வேலை. இரவெல்லாம் தொட்டிலை ஆட்ட வேண்டும். குழந்தை அழுது வீட்டுத் தலைவியின் தூக்கம் கலைந்தால் தலைமாட்டுப் பலகையில் தயாராக இருக்கும் சவுக்கு இறங்கும். ஒருநாள் காலைச் சிற்றுண்டிக்கு முன்னரே ஐந்து முறை அடி வாங்கியதாக அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தத் தழும்புகள் கழுத்தில் இறுதிவரை இருந்தன. தூங்கிவிட்டால் அடி விழும் என்னும் பாடத்தை வாழ்க்கை அவளுக்கு ஆறேழு வயதிலேயே கற்றுக் கொடுத்தது. பின்னால் வந்ததை நினைக்கும்போது இந்தக் கொடுமை இரட்டிப்பாகத் தோன்றுகிறது.

பின்னால் வந்தது இதுதான். அவளுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிருக்கும். ஏறத்தாழ 1835-ஆம் ஆண்டு என்று கொள்ளலாம். பயிர் அறுவடைக் காலம். ஒரு நாள் மாலை, சாமான் வாங்குவதற்காகப் பக்டவுன் என்னும் சிற்றூரின் மளிகைக் கடைக்குப் போயிருந்தாள். ஆளிச்செடியின் நாரை அடித்துப் பிரிக்கும் வேலை செய்து வந்ததால் தலையெல்லாம் தும்பும் தூசும். பிறந்தது முதல் சீப்புக் காணாத முடி கூடையைக் கவிழ்த்ததுபோல் அடர்ந்து நின்றது. கடைக்குள் போக வெட்கப்பட்டு ஒரு சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டாள். அந்நேரம் வயலைவிட்டுச் சொல்லாமல் வந்துவிட்ட ஓர் அடிமை இளைஞனைத் துரத்திக்கொண்டு கங்காணி அங்கே வந்தான். இளைஞன் ஓட்டம் பிடித்தான். கங்காணி கடையிலிருந்த இரண்டு பவுண்டு எடைக்கல்லை எடுத்து அவனைக் குறிபார்த்து வீசினான். கல் அவனை எட்டவில்லை. வாசலில் நின்ற மிண்டியின் தலையில் விழுந்தது. மண்டையோடு உடைந்து, சால்வையின் ஒரு துண்டும் காயத்துக்குள் புதைந்துபோயிற்று. சீவாத அந்த அடர்ந்த முடிதான் தம் உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டும் என்று அம்மையார் பிற்காலத்தில் கூறுவார்.

இரத்தம் ஒழுகத் தூக்கி வந்தவளைக் கிடத்தக் கட்டில்கூட இல்லை. தறியின் உட்காரும் பலகையில் கிடத்தினார்கள். மருத்துவர் வரவில்லை. இரண்டு நாள் அப்படியே கிடந்தாள். பிறகு வயலுக்கு அனுப்பிவிட்டார்கள். வியர்வையும் இரத்தமும் கண்ணில் வழிந்து பாதை தெரியாமல் வேலை செய்தாள். இனி இவள் எதற்கும் உதவமாட்டாள் என்று கண்ட பிரோடெஸ் அவளை விற்றுத் தலைமுழுக முயன்றார். வந்து பார்த்தவர்கள் ஒரு காசு தரவும் முன்வரவில்லை. விலை போகாத பண்டமாக அவள் தாய்வீட்டுக்கே திரும்பி வந்தாள். தமக்கையரைப் போலத் தெற்கே விற்கப்படாமல் அவள் தப்பியதற்கு அந்த உடைந்த மண்டையும் ஒரு காரணம் என்பதை இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியவில்லை.

காயம் ஆறியது, நோய் ஆறவில்லை. கடுமையான தலைவலி அடிக்கடி வந்தது. அதைவிட விந்தையானது உறக்கம். நின்றாலும் நடந்தாலும் பேசினாலும், எந்நேரத்திலும் அது அவரைத் தாக்கும். ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் இடையில் தலை தொங்கிவிடும். உலுக்கினாலும் எழுப்ப முடியாது. சிறிது நேரம் கழித்துத் தாமே விழித்துக்கொள்வார். விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார். இடையில் உறங்கியது போன்ற எந்த அடையாளமும் அவரிடம் இராது. அந்த உறக்கத்தின்போது ஒளிமிக்க காட்சிகள் தோன்றும், இசை கேட்கும், வயலும் ஆறும் மலையும் தாண்டித் தாம் பறவைபோல் பறந்து செல்வதாகவும், எல்லைக்கு அப்பாலிருந்து வெண்ணிற ஆடையணிந்த பெண்கள் கைநீட்டித் தம்மைத் தூக்கிவிடுவதாகவும் காண்பார்.

இது என்ன நோய்? அந்நாளில் இதற்குப் பெயரே கிடையாது. திடீர் உறக்க நோய்க்கு நார்கோலெப்சி என்று பிரெஞ்சு மருத்துவர் ஜெலினோ பெயர் சூட்டியதே 1880-இல்தான். விழிப்பைக் காக்கும் ஓரெக்சின் என்னும் பொருள் மூளையில் குறைந்துபோவதால் அந்நோய் வருகிறது என்பது தெரிந்ததோ 1998-க்குப் பின்னர். ஆனால் அம்மையாருக்கு இருந்தது அதுதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 2004-இல் அவருடைய வரலாற்றை விரிவாக எழுதிய கேட் கிளிஃபோர்ட் லார்சன், நெற்றிப்பொட்டுக்கு உட்புறத்து மூளைப் பகுதியில் எழும் ஒருவகை வலிப்பு நோயாக இருக்கலாம் என்று கருதுகிறார். வலிப்பு என்றதும் கைகால் வெட்டியிழுக்கும், வாயில் நுரைதள்ளும் என்றுதான் நாம் நினைப்போம். இந்த வகையில் அப்படி இராமலும் போகலாம். நோயாளி சற்று நேரம் நினைவிழந்திருப்பார், இல்லாத இசை கேட்கும், கனவு போன்ற காட்சிகள் தோன்றும், பின் தெளிந்துவிடும். அம்மையாரின் அடையாளங்களோடு இது பெரிதும் ஒத்துப்போகிறது. தலைவலியைப் பொறுத்தவரை ஐயமில்லை. தலையில் பலத்த அடிபட்டோர்க்கு ஆண்டுக்கணக்கில் தலைவலி தொடர்வதும், அது ஒற்றைத் தலைவலியின் உருவை எடுத்துக்கொள்வதும் இன்றைய மருத்துவம் நன்கறிந்த செய்தி. ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் நம் வகுப்புகளிலும் இருப்பார்கள். வெளிச்சம் கண்ணைக் குத்த, வயிற்றைக் குமட்ட, இருட்டு அறையில் ஒரு நாள் முழுவதும் சுருண்டு கிடப்பது எப்படியிருக்கும் என்று அவர்களைக் கேட்டால் தெரியும். மிண்டிக்கு அந்த இருட்டு அறை கிடையாது.

ஆனாலும் அவர் வேலை செய்தார். அதுவும் ஆண்கள் செய்யும் வேலை. வீட்டு வேலையை வெறுத்துக் காட்டு வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். தந்தை பென் ராஸ் மேற்பார்வை செய்த காட்டில் மரம் வெட்டினார், கட்டை இழுத்தார், மாடு பூட்டி உழுதார். ஐந்தடி உயரமே உள்ள அந்தப் பெண்ணின் உடல்வலிமையை எல்லாரும் புகழ்கின்றனர். எனக்கு இதில் வேறொன்றும் தோன்றுகிறது. ஓர் அந்நிய எசமானியின் வீட்டில் நடுவேலையில் உறங்கி விழுந்தால் சவுக்குத்தான் எழுப்பும். தந்தையின் கண்பார்வையில், மரநிழலில் உறங்கி விழுந்தால் யாரும் அடிக்க மாட்டார்கள். அவர் காட்டைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும். எப்படியாயினும், காடும் ஆறும் சதுப்பும் இரவின் விண்மீன்களும் அவருக்கு அங்கேதான் பழக்கமாயின. ஆண்டுக்கு ஒரு தொகையை எசமானருக்குக் கட்டிவிட்டு, மிச்சக் கூலியைச் சேர்த்து ஒரு சோடி எருதுகூட வாங்கினார். 1844-ஐ ஒட்டி ஜான் டப்மன் என்னும் விடுதலை பெற்ற கறுப்பரை மணந்தார். தாயின் முழுப்பெயரான ஹாரியட் என்பதைத் தமக்கும் சூட்டிக்கொண்டார்.

1849 மார்ச்சில் பிரோடெஸ் இறந்தார். கடன் அடைக்க அடிமைகளை விற்பார்கள் என்ற பேச்சு எழுந்தது. அவ்வாண்டு செப்டம்பர் 17-ஆம் நாள் ஹாரியட் தம் சகோதரர் இருவருடன் தப்பியோடினார். பிரோடெசின் மனைவி செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தாள். மாநிலத்துக்கு வெளியே பிடித்தால் ஆளுக்கு 100 டாலர். உள்ளே பிடித்தால் 50. அந்த விளம்பரம் இன்றும் இருக்கிறது. ஒரு சகோதரனின் கழுத்தில் காதுக்குக் கீழே கட்டி இருப்பதையும், மற்றொருவன் கேட்டதற்குச் சட்டென்று பதில் சொல்பவன் என்பதையும் குறித்திருக்கிறாள். மிண்டியைப் பற்றி? வயது 27, பழுப்பு நிறம், நல்ல தோற்றம், உயரம் ஐந்தடி. அவ்வளவுதான். மண்டைத் தழும்பும் இல்லை, உறங்கி விழும் நோயும் இல்லை! ஆளைக் கண்டுபிடிக்க இவற்றைவிடச் சிறந்த அடையாளம் வேறென்ன இருக்க முடியும்? உடைமைக்காரி தன் உடைமையை அவ்வளவுதான் அறிந்திருந்தாள். சகோதரர் இருவரும் அஞ்சித் திரும்பவே ஹாரியட்டும் திரும்ப நேர்ந்தது. சிறிது காலத்தில் மறுபடியும் புறப்பட்டார், இம்முறை தனியாக. இரவில் நடந்து, பகலில் பதுங்கி, ஏறத்தாழ 90 மைல் கடந்து பென்சில்வேனியா எல்லையை அடைந்தார். வழியில் எத்தனை முறை உறங்கி விழுந்தாரோ, யார் அறிவார்? பக்கத்தில் இருந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை.

பிலடெல்பியாவில் சமையல், துணி வெளுப்பு என்று கிடைத்த வேலைகளைச் செய்து பணம் சேர்த்தார். 1850-இல் வந்த ஓடிப்போன அடிமைகள் சட்டம் வடமாநிலங்களிலும் அவர்களைப் பிடித்துக்கொண்டு போக வழிசெய்தது. அந்தச் சட்டம் வந்த அதே ஆண்டு டிசம்பரில் ஹாரியட் தெற்கு நோக்கித் திரும்பினார். ஏலம் விடப்படவிருந்த தம் சகோதரியின் மகளையும் அவளுடைய இரு குழந்தைகளையும் பால்டிமோரில் இருந்து அழைத்து வந்தார். அதன்பின் பத்தாண்டுகள் இதுவே அவர் தொழில். ‘சுரங்க இரயில்பாதை’ என்று இந்த மீட்புப் பணியைக் குறிப்பிடுவர். சுரங்கமும் இல்லை, இரயிலும் இல்லை. நல்லோர் வீடுகளில் இரவுதோறும் மறைந்து மறைந்து வடக்கே கனடா வரை செல்லும் வழி அது. டெலவேரின் வில்மிங்டன் நகரில் தாமஸ் காரெட் என்னும் குவேக்கர் சமயத்தவரும், பிலடெல்பியாவில் வில்லியம் ஸ்டில் என்னும் கறுப்பரும் அவருக்குப் பெருந்துணையாய் இருந்தனர். 19 பயணம், 300 பேர் என்று பழைய நூல்கள் கூறும். ஆவணங்களைச் சோதித்தவர்கள் 13 பயணம், 70 பேர் அளவில் என்கின்றனர். எண்ணிக்கை குறைந்ததால் பெருமை குறைந்துவிடவில்லை. அந்த எழுபது பேரில் ஒருவர்கூடப் பிடிபடவில்லை.

இனி, நம் கட்டுரையின் நடுப்புள்ளிக்கு வருவோம். நள்ளிரவு. காட்டு வழி. பின்னால் மோப்ப நாய்களும் பிடிப்பதற்கு ஆட்களும் வரக்கூடும். வழி தெரிந்தவர் ஒரே ஒருவர். அவர் திடீரென்று சாய்ந்து உறங்கிவிடுகிறார். உலுக்கினாலும் எழவில்லை. உடன் வந்தவர்கள் என்ன செய்வார்கள்? அவரைச் சுற்றி ஓசையின்றி அமர்ந்து காத்திருந்தார்கள். அவர் விழித்தெழுந்து நடந்தார், அவர்களும் பின்தொடர்ந்தார்கள். அவருடைய வரலாற்றை எழுதியோர் இதை ஓரிரு வாக்கியத்தில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எனக்கோ இந்தக் காட்சியைக் கடந்து போக மனம் வரவில்லை. தலைவர் விழித்திருக்கும்போது பின்தொடர்வது பெரிதல்ல. தலைவர் நினைவற்றுக் கிடக்கையில் ஓடிப்போகாமல், கலையாமல், உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை!

அவரும் அந்த நம்பிக்கையைச் சும்மா பெற்றுவிடவில்லை. இரவு நீண்டிருக்கும் பனிக்காலத்தையே பெரும்பாலும் பயணத்துக்குத் தேர்ந்தார். சனிக்கிழமை இரவில் புறப்படச் செய்தார். திங்கட்கிழமைக்கு முன் செய்தித்தாளில் விளம்பரம் வராது. கைத்துப்பாக்கி ஒன்று எப்போதும் இடையில் இருக்கும். கால் வீங்கி, இனி நடக்க முடியாது, திரும்பிப் போகிறேன் என்று படுத்துவிட்ட ஆளின் தலைக்கு நேரே அதை நீட்டி எழுப்பியிருக்கிறார். திரும்பிப் போகிற ஒருவன் அத்தனை பேரையும் காட்டிக்கொடுக்க நேரும் என்பது அவருக்குத் தெரியும். ஒரு மார்ச்சு மாதக் குளிரில், உள்ளுணர்வு எச்சரித்ததாகச் சொல்லிப் பாதையை விட்டு விலகி, ஆழம் தெரியாத ஓடையில் அக்குள் அளவு நீரில் இறங்கினார். உடன் வந்த ஆண்கள் அவர் அக்கரை சேரும்வரை நின்று பார்த்துவிட்டுப் பின்னரே இறங்கினர். அப்பால் ஒரு கறுப்பர் குடிசையில் தங்கித் துணி உலர்த்தினார்கள். கையில் காசில்லாததால் தம் உள்ளாடைகளில் சிலவற்றைக் கூலியாகக் கொடுத்துவிட்டு வந்தார். இதைத் தாமஸ் காரெட் எழுதி வைத்திருக்கிறார்.

கைக்குழந்தைகள் அழுதால் எல்லாரும் மாட்டிக்கொள்வர். ஆகவே அபினி கலந்த மருந்தைத் துளி கொடுத்து அவற்றை உறங்க வைத்துக் கொண்டுபோவார். 1860-ஆம் ஆண்டின் இறுதியில் செய்த கடைசிப் பயணத்தில் எனல்ஸ் என்னும் குடும்பத்தாரின் மூன்று மாதக் குழந்தையும் இப்படித்தான் உறங்கிக்கொண்டு போயிற்று. அழும் குழந்தைக்காக அடிவாங்கிய அந்தச் சிறுமியை இவ்விடத்தில் நினைத்துக்கொள்ளத் தோன்றுகிறது. அந்தப் பயணமே ஒரு துயரத்தில் தொடங்கியது. தங்கை ரேச்சலை மீட்கப் போனார், அவள் இறந்துவிட்டிருந்தாள். அவளுடைய பிள்ளைகள் இருவரையும் மீட்க 30 டாலர் வேண்டியிருந்தது. அந்த முப்பது டாலர் அவரிடம் இல்லை.

உறக்கத்தில் வந்த காட்சிகளை அவர் இறைவன் காட்டிய வழி என்றே நம்பினார். பாம்பு ஒன்று பாறைகளுக்கிடையே தலைதூக்கி, வெண்தாடிக் கிழவரின் முகமாக மாறுவதும், பக்கத்தில் இரண்டு இளந்தலைகள் எழுவதும், கூட்டம் வந்து மூன்றையும் வெட்டிச் சாய்ப்பதுமாகிய கனவு பலமுறை வந்ததாம். 1858-இல் கனடாவின் செயின்ட் கேதரின்ஸ் நகரில் ஜான் பிரௌனைச் சந்தித்தபோது அந்த முகத்தை அடையாளம் கண்டுகொண்டார். மறுஆண்டு ஹார்ப்பர்ஸ் ஃபெரி கிளர்ச்சியில் பிரௌனின் மைந்தர் இருவர் மாண்டு, பிரௌனும் தூக்கிலிடப்பட்ட பின்னரே கனவின் பொருள் விளங்கியது என்பார். நம்புவோர் நம்பலாம், மருத்துவ நூல் கொண்டு விளக்குவோர் விளக்கலாம். பிறருக்கு அச்சம் தரக்கூடிய ஒரு நோயை, தம்மோடு பேசுகிற ஒரு துணையாக அவர் மாற்றிக்கொண்டார் என்பதில் இரு திறத்தாரும் ஒத்துப்போவர். பேசாத தலைவலியை மட்டும் அவரால் எதுவாகவும் மாற்ற முடியவில்லை.

உள்நாட்டுப் போர் மூண்டதும் 1862-இல் தென்கரோலினாவின் பியூஃபோர்ட் பகுதிக்குச் சென்றார். படைவீரர்க்கும் தப்பி வந்த அடிமைகளுக்கும் மருத்துவத் தாதியாகப் பணியாற்றினார். வேர்களைக் காய்ச்சிச் சீதபேதிக்கு மருந்து கொடுத்தார். மற்றவர் பொறாமைப்படுகிறார்கள் என்று தம் படிச்சாமான்களையும் விட்டுக்கொடுத்து, இரவெல்லாம் பண்ணியம் செய்து விற்றுப் பிழைத்தார். ஒற்றர் படையும் அவர் பொறுப்பில் இருந்தது. 1863 சூன் 2-ஆம் நாள் கர்னல் மாண்ட்கோமரியின் படையோடு கம்பாஹீ ஆற்றில் மூன்று போர்க்கப்பல்கள் புறப்பட்டன. ஒன்று மணலில் தட்டி நின்றுவிட, மற்ற இரண்டும் சென்றன. ஆற்றில் புதைத்திருந்த வெடிகள் எங்கெங்கே என்பதை அவருடைய ஒற்றர்கள் முன்னரே அறிந்து சொல்லியிருந்தார்கள். ஒரே இரவில் எழுநூறுக்கு மேற்பட்ட அடிமைகள் விடுதலை பெற்றனர். திடீரென்று உறங்கி விழும் ஒரு பெண்ணை நம்பி ஒரு படைத்தலைவர் இருளில் கப்பலைச் செலுத்தியிருக்கிறார்!

போர் முடிந்து 1865-இல் ஊர் திரும்பும்போது, அரைக்கட்டணப் பயணச்சீட்டு செல்லாது என்று சொல்லி இரயில் பெட்டியிலிருந்து அவரை இழுத்துத் தள்ளினார்கள். கை முறிந்தது. போர்ப் பணிக்கு ஓய்வூதியமும் கிடைக்கவில்லை. இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ் படைவீரராக இருந்து 1888-இல் இறந்தமையால் கைம்பெண் ஓய்வூதியமாக 1895-இல் மாதம் 8 டாலர் வந்தது. தாதிப் பணியையும் கருதி அதை 20 டாலராக உயர்த்தியது 1899-இல். இதைப் பற்றி அதிகம் எழுத விருப்பமில்லை. அரசுகளின் நினைவாற்றல் எங்கும் ஒரே அளவினது.

நியூயார்க் மாநிலத்து ஆபர்ன் நகரில், வில்லியம் சீவர்ட் 1859-இல் தவணைக்கு விற்ற நிலத்தில் அவர் வாழ்ந்தார். வீடு எப்போதும் நிறைந்திருக்கும். முதிய பெற்றோர், ஆதரவற்றோர், அனாதைகள், வந்தவர் போனவர் எல்லாரும் இருப்பர். காய்கறி பயிரிட்டார், பன்றி வளர்த்தார், செங்கல் அறுத்தார். பேச்சு நடுவில் உறங்குவதும், விழித்துத் தொடர்வதும் ஊரார்க்குப் பழகிவிட்டன. அவருடைய வாய்மொழியைக் கேட்டு 1869-இல் முதல் வாழ்க்கை வரலாற்றை வெளியிட்ட சாரா பிராட்போர்டும் இதைக் குறித்திருக்கிறார். அந்த நூலுக்காக முன்னாள் அடிமையும் பெரும் பேச்சாளருமான பிரடெரிக் டக்ளஸ் எழுதியனுப்பிய மடல் புகழ் வாய்ந்தது. தம் தொண்டு பகலில், பலர் கைதட்ட நடந்தது. ஹாரியட்டின் தொண்டோ இரவில், விண்மீன்கள் மட்டுமே பார்க்க நடந்தது என்ற பொருள்பட அவர் எழுதினார்.

முதுமையில் உறக்கம் ஒரு புதிய வழியில் பகைத்துக்கொண்டது. வேண்டாதபோதெல்லாம் வந்து விழுந்த உறக்கம், வேண்டும்போது வர மறுத்தது. மண்டைக்குள் இரைச்சலும் குடைச்சலும் எழுந்து இரவில் கண்மூட விடுவதில்லை. 1890-களின் இறுதியில் பாஸ்டன் நகருக்குப் போயிருந்தவர், அங்குள்ள மாசச்சூசெட்ஸ் பொது மருத்துவமனைக்குத் தாமே நடந்து சென்று, ஒரு மருத்துவரைக் கண்டு, தம் தலையைத் திறந்து பார்க்கும்படி கேட்டுக்கொண்டார். வயதோ எழுபத்தைந்தை ஒட்டியிருக்கும். மயக்க மருந்து வேண்டாம் என்று மறுத்து, போர்க்களத்தில் கால் அறுக்கப்படும் வீரர்கள் செய்ததுபோல் ஒரு துப்பாக்கிக் குண்டைப் பல்லில் கடித்துக்கொண்டார் என்று சொல்லப்படுகிறது. மருத்துவர் மண்டையோட்டை அறுத்துச் சற்றே உயர்த்திவிட்டார். பக்டவுன் கடையில் உள்ளே அமுங்கிய எலும்பை அறுபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து ஒருவர் தூக்கிவிட்டிருக்கிறார். அது முடிந்ததும் அம்மையார் எழுந்து, தொப்பியை அணிந்துகொண்டு வீட்டுக்கு நடக்கத் தொடங்கினாராம். கால்கள் துவண்டபின்தான் மருத்துவ வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். இதையெல்லாம் பின்னர்ச் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார். தலை இப்போது முன்னைவிடச் சுகமாக இருக்கிறது என்பதும் அவர் சொன்னதே.

1896-இல் வீட்டுக்கு அடுத்திருந்த 25 ஏக்கர் நிலத்தை ஏலத்தில் எடுத்தார். அதில் முதிய கறுப்பின மக்களுக்கு ஓர் இல்லம் அமைய வேண்டும் என்பது அவர் ஆசை. நிலத்தைத் தேவாலயத்தாரிடம் ஒப்படைத்தார். இல்லம் 1908 சூன் மாதம் திறக்கப்பட்டது. 1911-இல் அவரே அந்த இல்லத்துக்கு நோயாளியாக வந்து சேர்ந்தார். நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் இருந்தார். 1913 மார்ச்சு 10-ஆம் நாள் நிமோனியாக் காய்ச்சலில் உயிர் பிரிந்தது. ஆபர்ன் நகரின் ஃபோர்ட் ஹில் கல்லறைத் தோட்டத்தில் படை மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள். ஜான் பிரௌன் அவரை ‘ஜெனரல்’ என்று அழைத்து வந்தார். அவரை அடிமையாக வைத்திருந்த மேரிலாந்து மாநிலத்தின் காவற்படை, அந்தப் பதவியை 2024 நவம்பரில் முறைப்படி அவருக்கு வழங்கியது.